திரை இருந்த மனை



சினிமாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். படங்களைப் பற்றியும் நடிகர்களைப் பற்றியும் பேச இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் படம் ஓடிய கட்டடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் நம் அப்பாவும் அம்மாவும் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து உள்ளே போன கட்டடங்கள். பயோனியர் முத்து, ராஜேஷ், கார்த்திகை, சக்கரவர்த்தி என்று பேரைச் சொன்னால் போதும். இந்தச் சபையில் பாதிப் பேருக்கு ஒவ்வொரு பேரோடும் ஒரு படம் ஞாபகம் வரும். சிலருக்குக் கூட வந்த ஆள் ஞாபகம் வரும். ஒற்றைத் திரை வைத்த பெரிய கொட்டகைகளின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாடு முழுக்க அவை பூட்டப்படுகின்றன, இடிக்கப்படுகின்றன, வேறொன்றாக மாறுகின்றன. நம் கன்னியாகுமரி மாவட்டம் அதற்கு விலக்கில்லை.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய தியேட்டரை இடிக்கவே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. அந்த மனையில் எழும் புதிய கட்டடத்தில் மக்கள் கூடி உட்காரும் ஓர் அரங்கு இருக்க வேண்டும். இடிப்பதற்கு முன்னால் அந்த இடத்தின் வரலாறு பதிவாக வேண்டும். இந்த இரண்டையும் கேட்பதற்கு மற்ற மாவட்டங்களைவிட நமக்குக் கூடுதல் உரிமை இருக்கிறது. தென்னிந்திய சினிமாவின் தொடக்கத்தில் இந்த மண்ணின் பங்கு அவ்வளவு பெரியது.

அகஸ்தீஸ்வரத்தில் 1900-ல் பிறந்தவர் ஜே. சி. டேனியல். அன்று அது திருவிதாங்கூர். களரியிலும் வாள்வீச்சிலும் பற்றுக்கொண்டவர். அதைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமே எழுதியவர். அந்தக் கலையை உலகத்துக்குக் காட்ட சினிமாதான் வழி என்று நம்பித் தன் நிலத்தை விற்றார். திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற இடத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். ‘விகதகுமாரன்’ என்ற பேசாப் படத்தைத் தானே எழுதி, தானே இயக்கி, தானே ஒளிப்பதிவு செய்து, தானே நாயகனாக நடித்தார். அதுதான் மலையாளத்தின் முதல் படம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் அது திரையிடப்பட்டது. ஆண்டு 1928 என்று நெடுங்காலம் சொன்னார்கள். 1930 என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அந்த முதல் காட்சியில் நடந்தது நாமெல்லாரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. படத்தின் நாயகி பி. கே. ரோஸி. புல் அறுத்துப் பிழைத்த, தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த பெண். படத்தில் அவர் ஏற்றது ஒரு நாயர் வீட்டுப் பெண்ணின் வேடம். அதைப் பொறுக்காத மேல்சாதிக்காரர்கள் கொட்டகையில் ரகளை செய்து திரை மீது கல்லெறிந்தார்கள். ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் ஓடும் லாரியை நிறுத்தி ஏறித் தப்பித்து, அந்த லாரி ஓட்டுநரையே மணந்துகொண்டு, பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தார் என்று சினிமா வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் வாழ்ந்த ஊர் நாகர்கோவில். மலையாளத்தின் முதல் நாயகி இந்த ஊர்த் தெருக்களில் நடந்திருக்கிறார். இந்த ஊர்ச் சந்தையில் மீன் வாங்கியிருப்பார். தான் நடித்த படத்தைப் பற்றி ஒருவரிடமும் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறார். டேனியலும் அந்த ஒரு படத்தோடு சொத்தெல்லாம் இழந்தார். பாளையங்கோட்டையில் பல் மருத்துவராகப் பிழைத்து, கடைசியில் அகஸ்தீஸ்வரத்துக்குத் திரும்பி, 1975-ல் காலமானார். கேரள அரசு 1992 முதல் தன் மிக உயர்ந்த திரைப்பட விருதை அவர் பெயரில்தான் வழங்கி வருகிறது.

மலையாளத்தின் இரண்டாவது படத்துக்கு வாருங்கள். சி. வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து 1933-ல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’. தயாரித்தவர் ஆர். சுந்தர் ராஜ், நிறுவனம் நாகர்கோவில் ராஜேஸ்வரி பிலிம்ஸ். அதுவும் கேப்பிட்டல் தியேட்டரில்தான் திரையிடப்பட்டது. நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயம் புத்தக நிலையம் வழக்குப் போட்டது. படம் முடக்கப்பட்டுப் பதிப்பாளர் கைக்குப் போயிற்று. தயாரிப்பாளருக்கு அது பெரிய அடி. ஆனால் அந்தப் பிரதி நாற்பது வருடம் புத்தகக் கடையில் பத்திரமாகக் கிடந்து, 1974-ல் கண்டெடுக்கப்பட்டு, புனே திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ‘விகதகுமாரன்’ ஓர் அடிகூட மிஞ்சவில்லை. ‘மார்த்தாண்ட வர்மா’வை இன்றும் பார்க்கலாம். யாரோ ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இதை நான் பின்னால் கேட்கப்போகிற ஒரு விஷயத்துக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அடுத்தவர் பி. சுப்பிரமணியம். 1910-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். திருவனந்தபுரத்துக்குப் போய், அங்கே நியூ தியேட்டர், ஸ்ரீ பத்மநாபா என்று கொட்டகைகளைக் கட்டினார். 1951-ல் நேமத்தில் மெரிலேண்ட் ஸ்டுடியோவை நிறுவினார். அந்த நகரத்தின் மேயராகவும் இருந்தார். அவருக்கு அடுத்தவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். வில்லுப்பாட்டும் நாடகக் கொட்டகையும்தான் அவருடைய பள்ளிக்கூடம். சின்ன வயதில் நாடகக் கொட்டகையில் பண்டம் விற்ற பையன் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பையன் மேடைக்குள் போய், அங்கிருந்து திரைக்குள் போய், தமிழ்நாட்டையே சிரிக்கவைத்தான்.

ஒரு முதல் இயக்குநர், ஒரு முதல் நாயகி, ஒரு தயாரிப்பாளர், ஒரு ஸ்டுடியோ அதிபர், ஒரு கலைவாணர். இத்தனை பேரையும் ஓர் இடத்தில் சேர்த்துச் சொல்லும் ஓர் அறை இந்த மாவட்டத்தில் இல்லை. நாகர்கோவில் மணிமேடை 1893-லிருந்து நிற்கிறது. அதன் கடிகாரத்தைப் பழுது பார்க்கிறோம், வண்ணம் பூசுகிறோம். நல்லது. அதே அக்கறையில் ஒரு பங்காவது கொட்டகைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அந்தக் கொட்டகைகளில் அப்படி என்ன இருந்தது?

சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல். கோயில் தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்த காலத்தில்தான் சினிமாக் கொட்டகை இந்தப் பக்கம் வருகிறது. காசு கொடுத்தவன் உள்ளே போகலாம் என்பது அன்று சாதாரண விஷயம் இல்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-ல் வெளியான தம் ஆங்கில நூலில் இதைத் தெளிவாகச் சொன்னார்: தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, டிக்கெட் வாங்கும் சக்தி. நான் இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். அந்தக் கூரை எளிதாகக் கிடைத்துவிடவில்லை. ரோஸி தெரிந்த திரை மீது கல் விழுந்ததும் ஒரு கொட்டகைக்குள்தான். தரை டிக்கெட்டுக்கு ஒரு வாசல், பால்கனிக்கு வேறு வாசல் என்று பிரிவினையும் உள்ளேயே இருந்தது. ஆனாலும் விளக்கு அணைந்த பிறகு பக்கத்தில் இருப்பவன் யார் என்று பார்க்காமல் ஆயிரம் பேர் சேர்ந்து அழுதார்கள், சேர்ந்து சிரித்தார்கள். கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும் ஊர் இது. மூன்றிலிருந்தும் வருகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்த கூரை வேறு எதுவும் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா நாட்களில் இரண்டாம் ஆட்டத்துக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். எல்லை மாறியது, கண்ணும் காதும் மாறவில்லை. குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வாரம் தமிழ்ப் படம், மறுவாரம் மலையாளப் படம். சத்யனையும் சிவாஜியையும் ஒரே வாயால் பேசும் ரசிகர்கள் தமிழ்நாட்டில் வேறெங்கே அதிகம்? மொழிக்காகப் போராட்டமும் துப்பாக்கிச் சூடும் நடந்த மண்ணில், இரண்டு மொழியையும் ஒரே திரையில் அமைதியாக ஏற்றுக்கொண்ட இடம் கொட்டகை.

என் மாமா ஒருவர் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தார். சின்ன வயதில் அவரோடு மேலே புரொஜெக்டர் அறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கீழே இருந்தவர்களுக்குப் படம் ஒரு ஒளி. மேலே அது வெக்கையும் புகையும். புரொஜெக்டர் இரண்டு இருக்கும். விளக்கு என்பது பல்பு இல்லை, கார்பன் குச்சிகள். இரண்டு குச்சிகளின் நுனிக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து வெள்ளை வெளிச்சம் எரியும். குச்சி எரிந்து குறையக் குறைய, கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கவனம் தவறினால் திரையில் முகம் மங்கும்; கீழே விசில் பறக்கும். விநாடிக்கு 24 படம், நிமிடத்துக்கு 90 அடி பிலிம். ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடம் ஓடும். மூன்று மணி நேரப் படம் என்றால் பதினாறாயிரம் அடி. ரீல் முடியப்போகிறது என்பதற்குத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு வரும். இரண்டாவது பொட்டு வந்ததும் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். பார்க்கிறவர்கள் ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. அதுதான் ஆபரேட்டரின் பெருமை. இந்த வேலைக்கு அரசு பரீட்சை உண்டு, சான்றிதழ் உண்டு. ஒரே பிரிண்டை இரண்டு ஊருக்கு ஓட்டும் நாட்களில் சைக்கிளில் பெட்டி வரும். வாசலில் நிற்கிறவர்கள் உள்ளே பார்த்து, “அண்ணாச்சி, பெட்டி வந்தாச்சா?” என்று கேட்கும் குரல் அந்த அறை வரைக்கும் எட்டும்.

அந்த அறையின் சுவர் ஏன் அவ்வளவு கனம், படி ஏன் வெளிப்பக்கம் இருக்கிறது, படம் பாயும் துவாரத்தில் ஏன் இரும்பு மூடி தொங்குகிறது என்று மாமாவிடம் கேட்டிருக்கிறேன். தீக்குப் பயந்து என்றார். தொடக்க காலத்துப் பிலிம் நைட்ரேட். பற்றினால் தண்ணீரிலும் அணையாது. அதனால்தான் வெள்ளைக்காரன் 1918-லேயே சினிமாச் சட்டம் கொண்டுவந்தான். தமிழ்நாட்டில் 1955-ல் வந்த சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957-ன் விதிகளும் வாசல் எத்தனை, அகலம் எவ்வளவு, மணல் வாளி எங்கே என்பது வரை சொல்கின்றன. கலெக்டர் கொடுக்கும் சி பாரம் உரிமம் இல்லாமல் ஒரு காட்சியும் ஓட்ட முடியாது. இந்த விதிகளெல்லாம் உயிர்களைக் கொடுத்து வாங்கியவை. தூத்துக்குடி லட்சுமி டூரிங் டாக்கீஸில் 1979 ஜூலையில் தீப்பிடித்து எழுபதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், இறந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓலைக் கொட்டகை போய்க் கல் கட்டடம் வந்ததற்கு வசதி மட்டும் காரணமில்லை. ஆகவே பழைய கட்டடத்தைப் பார்த்து நாம் உருகும்போது, பழுதடைந்த கூரையும் தேய்ந்த மின்கம்பியும் ஆபத்து என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பாதுகாப்பு இல்லாத கட்டடத்தை நினைவுக்காக மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

அடுத்து, ஏன் மூடுகிறார்கள் என்பது. உரிமையாளர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது; நியாயமில்லை. ஆயிரம் நாற்காலி உள்ள கொட்டகையைக் கட்டியது ஒரு படம் நூறு நாள் ஓடும் காலத்தில். மாவட்டத்துக்கு இரண்டு மூன்று பிரிண்ட்தான் வரும். பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வந்தே ஆக வேண்டும். தொலைக்காட்சி வந்தது, திருட்டு வீடியோ வந்தது, கைபேசியில் படம் வந்தது. 2005 வாக்கில் டிஜிட்டல் புரொஜெக்டர் நுழைந்து, பத்து வருடத்துக்குள் பிலிம் பெட்டியே இல்லாமல் போயிற்று. ஒரே நாளில் எல்லா ஊரிலும் படம் வெளியாகிறது. முதல் ஞாயிறு தாண்டினால் கூட்டம் கலைகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் ஒன்றாக விழுந்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்களே சில நாள் மூடிக் கிடந்தன. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடியவை நவம்பர் 10-ல்தான் திறந்தன. இதற்கு நடுவே ஊர் நடுவிலுள்ள அந்த மனையின் விலை ஏறிக்கொண்டே போனது. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயலையே நாம் மனையாக்கி விற்றுவிட்டோம். கொட்டகையை மட்டும் விற்காதே என்று யார் சொல்ல முடியும்?

சொல்ல முடியும் என்றுதான் நினைக்கிறேன். எப்படிச் சொல்வது என்பதற்கு மற்ற ஊர்களில் நடந்ததைப் பார்க்கலாம்.

மதுரை தங்கம் தியேட்டர். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,563 இருக்கைகள்; ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. மதுரைக்காரர்கள் வழி சொல்வதற்கே அதை வைத்துத்தான் சொல்வார்கள். அது மூடிக் கிடந்து, பிறகு இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் இன்று பெரிய ஜவுளிக்கடை நிற்கிறது. கடை வந்தது குற்றமில்லை. ஆனால் இத்தனை பேர் உட்கார்ந்த இடத்தில், ஐம்பது பேர் உட்கார்ந்து ஏதாவது பார்க்கக்கூடிய ஓர் அறைகூட மிஞ்சவில்லையே என்பதுதான் என் வருத்தம். சென்னை சாந்தி தியேட்டர் 1961-ல் திறந்தது. 2016-ல் மூடி, வணிக வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹால் 1914-ஆம் வருடத்தியது. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்தவர் அவர். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கருவி வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். அவர் கொட்டகையின் பெயர் இன்று ஒரு சாலையின் பெயராக மட்டும் வாழ்கிறது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. சென்னை அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்துக்குள் போனால், தபால்தலை விற்கும் பிரிவு ஒரு சின்னப் பழைய கட்டடத்தில் இருக்கும். அது 1913-ல் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர். சென்னையின் மிகப் பழைய சினிமாக் கொட்டகைகளில் ஒன்று. படம் நின்று நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. தபால் துறை அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பதால் கட்டடம் நிற்கிறது. பயன்பாடு இருந்தால் கட்டடம் பிழைக்கும். லண்டன் ரீஜன்ட் தெருவில் 1896-ல் லூமியர் சகோதரர்களின் படம் இங்கிலாந்தில் முதன்முதலாகக் காட்டப்பட்ட அரங்கை, ஒரு பல்கலைக்கழகம் வகுப்பறையாக வைத்திருந்துவிட்டு, 2015-ல் மீண்டும் தியேட்டராகத் திறந்தது. மகாராஷ்டிரத்தில் ஒரு விதி இருக்கிறது: தியேட்டரை இடித்து வேறு கட்டினால், பழைய இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்குக்காவது அங்கேயே தியேட்டர் அமைத்துத் தர வேண்டும். உரிமையாளர்கள் அதை எதிர்த்து வருகிறார்கள். மூன்றில் ஒன்று கூடுதலா குறைவா என்று பேசலாம். ஆனால் ஓர் அரசாங்கம், ‘இது தனியார் மனைதான், ஆனாலும் ஊருக்கு இதில் ஒரு பங்கு உண்டு’ என்று சட்டமாக எழுதியது எனக்குச் சரியாகப் படுகிறது.

நமக்கு மிக அருகிலுள்ள எடுத்துக்காட்டு திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இருக்கிறது. நான் சொன்ன நாகர்கோவில் சுப்பிரமணியம் 1930-களில் தொடங்கிய அதே ஸ்ரீ பத்மநாபா தியேட்டர். 2020-ல் தீப்பிடித்தது. நகரத்தின் நெருக்கடியான வணிகப் பகுதி. மனைக்கு என்ன விலை கேட்டாலும் கொடுக்க ஆள் இருக்கும். அந்தக் குடும்பம் அதை விற்கவில்லை. புதிய ஒலி, ஒளிக் கருவிகளோடு மறுபடி தியேட்டராகவே சீரமைத்தார்கள். நியூ தியேட்டரையும் பல திரைகள் கொண்டதாக மாற்றி நடத்துகிறார்கள். பெயர் மாறவில்லை, தொழில் மாறவில்லை, உள்ளே இருப்பது முழுக்க இன்றைய காலத்தியது. ஒரு நாகர்கோவில்காரர் போட்ட அஸ்திவாரம் அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இப்படி நிற்கும்போது, நாகர்கோவிலில் அது முடியாது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் ஊரில் ஒரு பழைய கொட்டகை நாளை இடிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் என்ன வரலாம்? ஆயிரம் இருக்கைக்குப் பதில் இருநூறு இருநூற்றைம்பது இருக்கை கொண்ட இரண்டு திரைகள் போதும். கீழே கடைகள் வரட்டும். உரிமையாளருக்கு வாடகை வரட்டும். வண்டி நிறுத்த இடம் இருக்கட்டும். ஆனால் ஒரு திரைக்கு முன்னால் பதினைந்து அடி ஆழத்தில் ஒரு மேடை வைக்கச் சொல்லுங்கள். காலையில் அங்கே பள்ளி நாடகம் நடக்கட்டும், வில்லுப்பாட்டு நடக்கட்டும், புத்தக வெளியீடு நடக்கட்டும். வில்லுப்பாட்டின் சொந்த மாவட்டம் இது. நல்ல ஒலியமைப்போடு ஆயிரம் ரூபாய்க்கும் இரண்டாயிரம் ரூபாய்க்கும் ஒரு வில்லிசைக் குழு எடுத்து நடத்தக்கூடிய அரங்கு எத்தனை இருக்கிறது? சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை, வயதானவர்கள் பிடித்து நடக்கக் கைப்பிடி என்று பழைய கொட்டகை ஒருநாளும் தராததைப் புதியது தர வேண்டும். வாசலில் பழைய பெயர் இருக்கட்டும். பழைய புரொஜெக்டரில் ஒன்று துடைத்து வைக்கப்படட்டும், யார் அதை ஓட்டினார்கள் என்ற பெயரோடு.

மாநகராட்சிக்கும் இதில் பங்கு உண்டு. 2019-ல் நாகர்கோவில் மாநகராட்சி ஆனது. கட்டட அனுமதி கொடுக்கும் அதே மேசையில், அரங்கு வைத்துக் கட்டுகிறவருக்குத் தளப் பரப்பிலோ வரியிலோ ஒரு சலுகை கொடுக்கலாம்; அதற்கு மாநில அரசிடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டிருக்கிறது. மரபு என்றால் கோயில் கோபுரமும் அரண்மனையும் மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சட்டம் கொட்டகை வாசல் வரை வராது. பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டுவதற்கு நாம் பெருமைப்படுகிறோம். அங்கே மன்னர் வாழ்ந்தார். கொட்டகையில் நாம் வாழ்ந்தோம்.

இதெல்லாம் நடக்க வருடங்கள் ஆகலாம், நடக்காமலும் போகலாம். ஆனால் பதிவு செய்வதற்கு ஒருவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம், கோடிகளும் வேண்டாம். நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. பூட்டிக் கிடக்கும் ஒரு கொட்டகையை உரிமையாளரின் சம்மதத்தோடு மாணவர்கள் அளந்து வரையட்டும்: தரைச் சரிவு எவ்வளவு, பால்கனி எப்படித் தாங்கப்பட்டிருக்கிறது, கூரையின் உத்திரம் எது, டிக்கெட் வரிசைக்கான இரும்புக் கூண்டு எங்கே இருந்தது என்று. தமிழ் படிக்கும் மாணவர்கள் ஆபரேட்டர்களையும் டிக்கெட் கிழித்தவர்களையும் கேன்டீன் நடத்தியவர்களையும் சுவரொட்டி ஒட்டியவர்களையும் தேடிப் போய்ப் பேசிப் பதிவு செய்யட்டும். அவர்களில் பலருக்கு எழுபது எண்பது வயது ஆகிவிட்டது. என் மாமா இப்போது இல்லை. அவரிடம் நான் கேட்டதைவிடக் கேட்காமல் விட்டது அதிகம்.

காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று ஒன்றையும் விடாமல் சேர்த்தார். அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆய்வாளர்கள் இன்று அங்கே வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு தனி மனிதர் தன் வீட்டில் வைத்துச் செய்த வேலை அது. ஒரு மாவட்டம் சேர்ந்து செய்ய முடியாதா?

அதனால் உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் இரும்புப் பெட்டியில், பழைய கொட்டகையின் நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ தினசரி வசூல் கணக்கோ வாசலில் நின்று எடுத்த ஒரு போட்டோவோ இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து நூலகத்துக்குக் கொடுங்கள். எடுக்கத் தெரியாவிட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கைபேசியில் எடுக்கச் சொல்லுங்கள். படத்துக்குப் பின்னால் ஊர், வருடம், அதில் இருப்பவர் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். கொட்டகை உரிமையாளர்கள் இங்கே இருந்தால், இடிப்பதற்கு ஒரு மாதம் முன்னால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அளவு நாடாவோடும் கேமராவோடும் நாங்கள் வருகிறோம்.